ஒன்பது ஏசியும் ஓடுகிறது

"ஹாஸ்டல்தான், வேறென்ன" என்றார் ஜெராக்ஸ். "மெஷினுக்கு ஹாஸ்டல்."

திங்கட்கிழமை மதிய இடைவேளை. நகல் எடுக்கும் கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே மூன்று பேர். தொழிலே பெயராகிப் போன கடைக்காரர் ஜெராக்ஸ். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். மூன்றாவது ஆள் ஏசி மெக்கானிக். அவனைத் தெருவே கூலிங் என்றுதான் கூப்பிடும். அவன் அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

வயது, வருமானம், வாய் எதிலும் ஒத்துப்போகாத இந்த மூவரும் வாரம் இரண்டு தடவை இங்கே கூடுவதற்கு ஒரே காரணம், மூவரிடமும் ஒரே தொலைபேசிக் கம்பெனியின் பங்குகள் இருந்தன. பெரிய அளவில் இல்லை. கம்பெனித் தலைவர் தும்மினால் பறந்துவிடும் அளவுக்குத்தான். ஆனால் அவரவர் வீட்டில் அது பெரிய தொகை.

"ஹாஸ்டல்னா புரியற மாதிரி சொல்லுங்க" என்றான் கூலிங்.

டீச்சர் கம்பெனியிலிருந்து வந்த காலாண்டுக் கடிதத்தைக் கண்ணாடி மேஜை மேல் விரித்தார். சிவப்புப் பேனாவால் ஏற்கெனவே திருத்தியிருந்தார். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு கூட்டல் பிழை.

"முன்னெல்லாம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மூணு மாடி நிறைய மெஷின் வேணும். இப்ப அதே வேலையை பீரோ சைஸ் பெட்டி ஒண்ணு செஞ்சிடுது. மீதி மாடியெல்லாம் காலி. அந்த இடத்துல வேற கம்பெனிக்காரங்க தங்களோட மெஷினைக் கொண்டாந்து வெச்சுக்கலாம். கோ-லொகேஷன்னு பேரு. இடம், கரண்ட், ஏசி, பூட்டு, காவல் எல்லாம் நம்மளோடது. பெட்டி அவங்களோடது. மாசாமாசம் வாடகை."

"ஹாஸ்டல்னா சாப்பாடு உண்டா?"

"கரண்ட்தான் சாப்பாடு" என்றார் ஜெராக்ஸ். "ராப்பகலா சாப்பிடும். ராத்திரி சுவரேறிக் குதிச்சு சினிமாவுக்குப் போகாது. இதைவிட நல்ல வாடகைக்காரன் உலகத்துல கிடையாது."

டீச்சரின் பேனா ஒரு வரியின் மேல் நின்றது. "இதுதான் விஷயம். 'முதலாவதாக மாற்றியமைக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் எண்பது சதவீத இடம் பயன்பாட்டில் உள்ளது.' நம்ம ஊர்லயே இருக்கு, ஆஸ்பத்திரி ரோட்டுல. இது மாதிரி இன்னும் நாற்பத்தொரு எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகிட்ட இருக்கு. ஒண்ணு நிரம்பினது நிஜம்னா மத்ததும் நிரம்பும். அப்படி நிரம்பினா நம்ம பங்கு ரெண்டு வருஷத்துல ரெட்டிப்பு. நான் மூணு விதமா போட்டுப் பார்த்துட்டேன்."

"நிஜம்னாங்கறீங்களே டீச்சர். அச்சடிச்சு அனுப்பிருக்காங்க."

"அச்சடிக்கறது எவ்வளவு சுலபம்னு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லலாமா?"

கூலிங் சிரிக்கவில்லை. அவனிடம் இருந்த பங்குகளைவிட ஐந்து மடங்கு அவன் அக்காவிடம் இருந்தது. வாங்க வைத்தவன் அவன்தான்.

*

அக்கா திரைச்சீலை தைப்பவள். வீட்டின் முன் அறைதான் அவள் தொழிற்சாலை. தையல் மெஷின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊராரின் ஜன்னலுக்கெல்லாம் திரை தைப்பவளுக்குத் தன் வீட்டு ஜன்னலைத் திறக்க இடமில்லை. வாடிக்கையாளர்கள் வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. கட்டிலின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடத் தையலில் அவள் சேர்த்ததெல்லாம் இப்போது அந்தத் தொலைபேசிக் கம்பெனிக்குள் இருந்தது.

"முக்குல செருப்புக்கடை காலி பண்ணிட்டாங்க" என்றாள் அவள் அன்று மாலை, வாயில் இரண்டு குண்டூசியோடு. "ரெண்டு பக்கமும் கண்ணாடி. ஓனரம்மா எனக்காக வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க. அப்புறம் போன் கவர் விக்கறவனுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"ரெண்டு வருஷம் பொறு அக்கா. ரெட்டிப்பாகும்."

"ரெண்டு வருஷம் கழிச்சு முக்குல கடை காலியாகுமா?"

அவள் குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"இதோ பாருடா. உன் டீச்சரம்மா காகிதத்தைப் பார்த்துச் சொல்றாங்க. அவங்களைக் குறை சொல்லல. ஆனா நீ போய்ப் பாரு. அந்தக் கட்டடத்துல நிஜமாவே மெஷின் இருக்கா இல்லையான்னு உன் கண்ணால பார்த்துட்டு வந்து ஒரே வார்த்தை சொல்லு. விக்கவா, வேணாமா. வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள."

"உள்ள விட மாட்டாங்களே."

"அது உன் பாடு. வாங்க வைக்கும்போது வழி தெரிஞ்சுதில்ல?"

*

ஏசி மெக்கானிக் எந்தக் கட்டடத்தையும் பின்பக்கமாகத்தான் பார்ப்பான். முன்பக்கம் மற்றவர்களுக்கு: கண்ணாடி, பெயர்ப் பலகை, பூந்தொட்டி. அவனுக்கு வேண்டியதெல்லாம் பின்சுவரில்தான் தொங்கும். எத்தனை வெளிப்பெட்டி, எத்தனை டன், எது ஓடுகிறது, எது உயிரை விட்டுவிட்டது. ஒரு குடும்பத்தின் வரவுசெலவைக்கூடக் கூலிங் பின்சுவரைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

எனவே செவ்வாய்க்கிழமை காலை அவன் ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனான். அங்கே மூன்றாவது மாடியில் ஒரு பல் டாக்டர். வருடாந்திர சர்வீஸ் அவன்தான் செய்கிறான். இன்னும் இரண்டு மாதம் கழித்துச் செய்ய வேண்டியதை இன்றே செய்வதாகச் சொன்னதும் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

"இப்ப செஞ்சா அப்புறம் வர மாட்டீங்களே?"

"அப்பவும் வரேன் டாக்டர். இது போனஸ்."

பின்பக்க ஜன்னலைத் திறந்தான். எதிரே எக்ஸ்சேஞ்சின் பின்சுவர். பழைய கட்டடம், புது வெள்ளை. மாடிக்கு மூன்றாக ஒன்பது வெளிப்பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய ராட்சசப் பெட்டி. விசிறிகளை எண்ணினான். ஒன்பதும் சுற்றிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் அங்கேயே நின்றான். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும் என்ற பேச்சே இல்லை. உள்ளே கொதிக்கிற கொதியில் ஒரு பெட்டிக்குக்கூட மூச்சு வாங்க நேரமில்லை.

காலி மாடியில் யாராவது ஒன்பது ஏசி போடுவானா?

"என்ன பார்க்கறீங்க?" என்றார் டாக்டர், கையில் இடுக்கியோடு.

"ஹவுஸ்ஃபுல் டாக்டர்" என்றான் கூலிங். முகமெல்லாம் பல்.

டீச்சருக்குச் சொன்னான். "சபாஷ்" என்றார் அவர். ஜெராக்ஸுக்குச் சொன்னான். அவர் கடையில் இருந்த நான்கு வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். கடைசியாக அக்காவிடம்.

"விக்காதே அக்கா. ஒன்பது ஏசியும் ஓடுது. ஓனரம்மாகிட்ட கடை வேண்டாம்னு சொல்லிடு."

தையல் மெஷின் நின்றது. "சரி" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மெஷின் மறுபடி ஓட ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

*

புதன்கிழமை மதியம் அவன் அந்தச் சந்துக்கு மறுபடி போனது சத்தியமாக வேவு பார்க்க இல்லை. டாக்டர் கிளினிக்கில் ஸ்பேனரை மறந்துவிட்டான். எடுத்துக்கொண்டு இறங்கினால், எக்ஸ்சேஞ்சின் பின் கேட் திறந்திருந்தது. காவலாளி பனியனோடு தன் மோட்டார் பைக்கைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தளும்பத் தளும்ப ஒரு நீல டிரம்.

"என்னண்ணே, ஊரே தண்ணிக்கு லைன்ல நிக்குது. இங்க பைக்குக்கு அபிஷேகமா?"

"குழாய்த் தண்ணி இல்ல தம்பி. ஏசித் தண்ணி. மேல இருந்து பைப்ல வருது பாரு. பெயிண்ட் பக்கெட்ல எட்டு பக்கெட், தினமும். பைக் கழுவி, வாசல் கழுவி, இன்னும் மிச்சம்."

"பரவால்லையே" என்று சொல்லிவிட்டு கூலிங் நடந்தான்.

பத்து அடி.

பதினோராவது அடியில் நின்றுவிட்டான்.

எட்டு பக்கெட்டா?

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் சொல்லித் தரும் சங்கதி அது. ஏசிக்குழாயில் சொட்டும் தண்ணீர் ஏசி தயாரிப்பதில்லை. அறைக் காற்றில் இருக்கும் ஈரத்தை அது பிழிந்து வெளியே விடுகிறது. சமையலறை என்றால் கொட்டும். கல்யாண மண்டபம் என்றால் அருவி. ஆனால் மெஷின்கள் மட்டும் இருக்கும், ஜன்னல் அடைத்த அறையில்? மெஷின் சூடாகும். மெஷினுக்கு வியர்க்காது. மெஷின் மூச்சு விடாது. அப்படிப்பட்ட அறையின் குழாய், ஏசி எத்தனை வேகமாக ஓடினாலும், ஒப்புக்குத்தான் சொட்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பெட்டிகளை எண்ணியவன் தரையில் இருந்த டிரம்மைப் பார்க்கவில்லை.

உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள். நிறையப் பேர்.

அவன் முதலில் அழைத்தது அக்காவை. மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி. எடுக்கவில்லை. தையல் மெஷின் சத்தத்தில் காது கேட்காது, தெரிந்ததுதான். ஆனாலும் மூன்றாவது தடவையும் அடித்துப் பார்த்தான். இந்நேரம் ஓனரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். போன் கவர்காரன் முன்பணத்தோடு வந்து உட்கார்ந்திருப்பான்.

அடுத்து டீச்சர். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"பக்கெட் எத்தனை லிட்டர்?"

"டீச்சர், நான் என்ன சொல்றேன், நீங்க என்ன..."

"எத்தனை லிட்டர் தம்பி?"

"பதினஞ்சு."

"எட்டு பக்கெட், நூத்தி இருபது. வெளிக்காத்துல இருந்து வர்ற ஈரம் பாதின்னு கழிச்சிடு. அறுபது லிட்டர். உட்கார்ந்து வேலை செய்யற ஒரு ஆள் மணிக்கு எவ்வளவு ஈரம் விடுவான்?"

"எங்க படிப்புல ஒரு அட்டவணை உண்டு. கால் டம்ளர் சுமாருக்கு."

"எட்டு மணி நேரத்துக்கு ரெண்டு டம்ளர். நானூறு மில்லி." பேனா கீறும் சத்தம் போனில் கேட்டது. "நூத்தி ஐம்பது பேர். உள்ள நூத்தி ஐம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க கூலிங். யார் அவங்க?"

அவர் குரலில் கவலையைவிட ஆவல் அதிகம் இருந்தது. அவனுக்கும்தான், வெட்கமில்லாமல்.

*

மாலை ஐந்தரை. கூலிங் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டடத்தின் முன்பக்கம் நின்றான். ஸ்கூட்டரில் ஜெராக்ஸும் வந்திருந்தார், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு.

"மப்டி போலீஸ் மாதிரி இருக்குய்யா" என்றார் சந்தோஷமாக.

"போலீஸ்காரன் ஹெல்மெட்டுக்குள்ள கடலை தின்ன மாட்டான். எண்ணுங்க."

ஐந்து முப்பத்தைந்துக்கு முன் கேட் திறந்தது. சாப்பாட்டுக் கூடை, தோள்பை, கழுத்தில் அடையாள அட்டை. ஆணும் பெண்ணுமாகக் கொட்டாவி விட்டபடி ஒரு கூட்டம். ஜெராக்ஸ் காகிதம் எண்ணும் பழக்கத்தில் ஐந்தைந்தாக எண்ணினார், கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு. "நூத்தி நாற்பத்தி மூணு. டீச்சர் கணக்குல ஏழு பேர் கம்மி."

"லீவா இருக்கும்."

பேருந்து நிறுத்தத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள் செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை. கூலிங் பக்கத்தில் போய் நின்றான்.

"மேடம், இந்த எக்ஸ்சேஞ்ச்ல மெஷின் நிறைய வந்திருக்காமே."

"மெஷினா? ஒண்ணு இருக்கு. காப்பி மெஷின். அதுவும் ரிப்பேர்." அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ரிப்பேருக்கு வந்தவரா?"

"இல்ல மேடம். உங்க கம்பெனி ஷேர் கொஞ்சம் வெச்சிருக்கேன்."

"ஐயோ பாவம்" என்றார் அந்த அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் வெச்சிருக்கேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே படகு என்று தெரிந்த பிறகு பேச்சுக்கு என்ன பஞ்சம். அவர்கள் பில் தகராறு செக்‌ஷனாம். முன்பு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மேஜையோடு மேஜையாகக் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மூன்று மாடியும் இவர்கள்தான்.

"உங்களை ஏன் கிளப்பினாங்க?"

"அங்க நாலு மாடியைக் காலி பண்ணி என்னமோ பண்றாங்க. தரையை ஒரு முழம் உசத்தறாங்க. கரண்ட்டுக்குப் பெரிய பெரிய வயரு, இந்தத் தொடை தண்டிக்கு. எங்களுக்கு யார் சொல்றா?" பேருந்து வந்துவிட்டது. படியில் காலை வைத்தவர் திரும்பினார். "விக்கறதா இருந்தா எனக்கும் சொல்லுங்க."

ஜெராக்ஸ் வாயைத் திறந்தபடி நின்றார். "அப்ப ஹாஸ்டல்ல ஹாஸ்டல்காரனோட சொந்தக்காரங்களே படுத்திருக்காங்க. எண்பது சதவீதம் பயன்பாட்டில் உள்ளது. பொய்யே இல்லையேய்யா."

"பொய் இல்ல" என்றான் கூலிங். "அதான் பயமா இருக்கு."

அவன் மனசு ஏற்கெனவே தலைமை அலுவலகத்தின் பின்சுவருக்குப் போய்விட்டது. தரையை உயர்த்துவது மனிதர்களுக்காக இல்லை. அடியில் குளிர்காற்று ஓட்டவும் வயர் ஓட்டவும். அதுவும் மெஷினுக்குத்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா நூல் கண்டுகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓனரம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நேத்தே சொல்லுன்னு..."

"நேத்து நீ சொன்னப்ப உன் முகத்துல சந்தோஷம் ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு. அவ்வளவு சந்தோஷமா இருக்கறவன் பேச்சைக் கேக்கக் கூடாது. அதான் ஒரு நாள் விட்டேன்." டப்பாவை மூடினாள். "இப்ப முகம் சரியா இருக்கு. என்ன ஆச்சு?"

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம் குடு அக்கா."

"நான் வியாழக்கிழமைன்னுதான் சொல்லிருக்கேன். மறந்துட்டியா?"

*

வியாழக்கிழமை காலை தலைமை அலுவலகம். முன்பக்கம் ஒரு சுற்று. சூடு கண்ட பூனையாயிற்றே. கண்ணாடி, பெயர்ப் பலகை, பூந்தொட்டி. அப்புறம் பின்பக்கம்.

பின் முற்றத்தில் புதிதாகச் சிமெண்ட் மேடைகள். எண்ணினான்: இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் பெரிய வெளிப்பெட்டி ஒன்று உட்காரும் அளவு. நான்கு மூலையிலும் போல்ட், துருப்பிடிக்காமல் பிளாஸ்டிக் டேப் சுற்றி. கம்பி வேலிக்குள் ஒரு புத்தம்புது மின்மாற்றி. காதை வைத்துக் கேட்டான். ஓடுகிற மின்மாற்றி வண்டு மாதிரி ரீங்கரிக்கும். இது மௌனச் சாமியார்.

மேடை மேல் படுத்துக்கொண்டு ஒருவன் பைப்பில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டர். இரண்டு வேலைகளில் கூலிங்கோடு சேர்ந்து தோளுரசியவன்.

"ஏய், கூலிங். உனக்கா குடுத்திருக்காங்க ஏசி காண்ட்ராக்ட்?"

"எனக்கு எங்க குடுப்பாங்க. சும்மா பார்க்க வந்தேன். பெட்டியெல்லாம் எப்ப வருது?"

"ஆர்டரே போடல. வாடகைக்கு வர்ற கம்பெனி கையெழுத்துப் போட்டாத்தான் ஆர்டர்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் பைப் மட்டும். கசிவு இருக்கான்னு நான் காத்து ஊதிப் பார்த்துட்டு மூடி வெக்கணும்."

"யாராவது வந்தாங்களா?"

"ரெண்டு கோஷ்டி வந்துச்சு. சூட்டு கோட்டு. மேல போய் டேப் பிடிச்சு அளந்தாங்க. ஒருத்தன் தரையில குதிச்சுக்கூடப் பார்த்தான், தாங்குமான்னு. நல்லா இருக்குன்னாங்க. போய்ட்டாங்க."

"எப்ப?"

"அதாச்சு, ரெண்டு மாசம்."

*

மதியம் ஜெராக்ஸ் கடையில் டீச்சர் கம்பெனியின் பங்குதாரர் பிரிவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். ஷட்டர் இன்றைக்கு முழுசாக இறங்கியிருந்தது. மறுமுனையில் ஒரு இளைஞன், தேன் தடவிய குரல்.

"வணக்கம் மேடம், உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?"

"கடிதத்துல எண்பது சதவீத இடம் பயன்பாட்டில்னு போட்டிருக்கீங்க. அந்த எண்பதுல எத்தனை சதவீதம் மூச்சு விடுது?"

தேன் சற்று உறைந்தது. "புரியலீங்க மேடம்."

"அங்க இருக்கறது மெஷினா, உங்க ஆளுங்களா?"

"கடிதத்துல பயன்பாட்டில் உள்ள பரப்பளவுன்னுதான் குறிப்பிட்டிருக்கோம் மேடம்."

"பரப்பளவு சரி. வெளிக் கம்பெனி ஒண்ணாவது வாடகைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு போதும். நான் ஒரு மார்க் கேள்விதான் கேக்கறேன்."

பின்னணியில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"பேச்சுவார்த்தைகள் ஆரோக்கியமா நடந்துட்டு இருக்கு மேடம்."

"நன்றி தம்பி. உங்க மேல தப்பில்ல." டீச்சர் போனை வைத்தார். கடிதத்தை எடுத்து, எண்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார். சைபர் போடவில்லை. "கட்டறது நிஜம். கரண்ட் நிஜம். தரை நிஜம். வர வேண்டியது வாடகைக்காரன் மட்டும். சுவாரசியமா இருக்கு. நான் விக்கப் போறதில்ல."

"நானும்" என்றார் ஜெராக்ஸ். "நஷ்டத்துல விக்கறது எங்க வம்சத்துலயே கிடையாது."

"உங்க அக்கா?" என்றார் டீச்சர்.

*

அக்கா துணியை வெட்டவில்லை, தைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டிகளை எண்ணியது, டிரம்மைப் பார்க்காமல் விட்டது, நூற்று நாற்பத்து மூன்று பேர், காப்பி மெஷின், சிமெண்ட் மேடைகள், தேன் குரல்.

"நான் தப்பா சொல்லிட்டேன் அக்கா. செவ்வாய்க்கிழமை."

"அதை விடு. அந்த சூட்டு கோட்டு ஆளுங்க. அளந்துட்டுப் போனாங்கன்னியே. என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"நல்லா இருக்குன்னு."

"முன்பணம் குடுத்தாங்களா?"

"இல்ல."

அக்கா சிரித்தாள். அவன் ஒரு வாரமாகப் பார்க்காத சிரிப்பு. "ரெண்டு நாளா நீங்க மூணு பேரும் மூச்சு, பக்கெட், லிட்டர்னு கணக்குப் போட்டீங்க. இதை என்கிட்ட கேட்டிருந்தா உட்கார்ந்த இடத்துல சொல்லிருப்பேன். பதினோரு வருஷமா வீடு வீடாப் போய் ஜன்னல் அளக்கறேன். அளந்ததும் எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. எத்தனை பேர் திரும்பி வருவாங்க தெரியுமா?"

"எத்தனை?"

"பத்துல மூணு. அதுல ஒருத்தர் வீட்ல கேட்டுட்டு வரேன்னு போயிடுவார்."

அவன் உதட்டைக் கடித்தான். "அதுக்காக வராதுன்னு ஆயிடாது அக்கா. தரை போட்டாச்சு. பைப் போட்டாச்சு. நான் பார்த்தவரைக்கும் வேலை சுத்தமா இருக்கு. வரும்னுதான் எனக்குத் தோணுது."

"எப்ப?"

"அதான் தெரியல."

"தெரியலன்னு சொல்றியே, அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் திங்கட்கிழமையே கேட்டேன்" என்றாள் அக்கா. எழுந்து, மாட்டியிருந்த கைப்பையை எடுத்தாள். "காலையில ஜெராக்ஸ் கடைக்கு நானும் வரேன். விக்கற பொத்தானை நானே அழுத்தறேன்."

*

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது ஜெராக்ஸ் பதறி எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். பங்கு விலை காலையிலேயே ஒரு படி ஏறியிருந்தது. சொல்லத்தான் வேண்டும் என்று கூலிங் அதையும் சொல்லிவிட்டு, போனில் அவள் பங்குக் கணக்கைத் திறந்து நீட்டினான்.

"ஏறட்டும். எதை அழுத்தணும், பச்சையா சிவப்பா?"

"சிவப்பு. அக்கா, பாதி மட்டும் வித்துட்டு பாதி..."

"பாதிக் கடைக்கு வாடகை கேக்க மாட்டாங்கடா."

அழுத்தினாள். திரையில் ஒரு சக்கரம் சுற்றி நின்றது. விற்றாகிவிட்டது, பணம் திங்கட்கிழமை வரும். பதினோரு வருடத்தை வெளியே எடுக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை. அவளுக்கே அது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது போல, போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

ஓனரம்மாவிடம் அங்கிருந்தே பேசி, முன்பணம் திங்கட்கிழமை என்று சம்மதிக்க வைத்தாள். முக்குக் கடை அவளுடையது.

"என்னோடதையும் வித்துடவா?" என்றான் கூலிங் மெல்ல. உள்ளுக்குள் அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்றிருந்தது. அந்த இருபத்து நான்கு மேடைகளில் என்ன வந்து உட்காரப் போகிறது என்று தெரியாமல் விட்டுவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ வெச்சுக்கோ. உன் பணம் நின்னு வேடிக்கை பார்க்கட்டும். என் பணத்துக்கு வேலை இருக்கு."

அப்புறம் ஜெராக்ஸ் பக்கம் திரும்பி, விசிட்டிங் கார்டு நூறு அடிக்க என்ன ஆகும் என்று கேட்டாள். உங்களுக்கு இலவசம் என்றார் அவர். இலவசமாக அடித்தால் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும், கூலியைச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு அவள் பேரம் பேச ஆரம்பித்தாள்.